செல்வலட்சுமி சுற்றிய இரண்டு மோட்டார்கள்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். அருப்புக்கோட்டை - திருச்சுழி மினி பஸ்ஸில் பதினாறு வருஷமாக நான் கண்டக்டர். தினமும் ஏறுகிறவர்களுக்கு என் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது, "ஏலே மருதுபாண்டி, ஒன் வீட்டுக்காரி கப்பலுக்கு மோட்டார் செஞ்சுச்சாமே, மெய்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கப்பல் இல்லை, சொகுசுப் படகு. கடலுக்கு மேலேயும் ஓடும், வேண்டும்போது கடலுக்குள் மூழ்கியும் போகும். அதன் மோட்டார்கள் இரண்டையும் கையால் சுற்றியவள் செல்வலட்சுமி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருடைய ஸ்டாப்பிங் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் யாரும் நடுவில் இறங்க முடியாது.

செல்வலட்சுமி பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊர். மழை பெய்தால் கொத்தமல்லியும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் கருவேலம் உண்டு. அவள் அப்பா போட்ட போர்வெல்லில் தண்ணீர் குறையக் குறைய மோட்டார் வருஷத்துக்கு மூன்று முறை கருகும். அதை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் இவளும் கூட வருவாள். ஒலி முகம்மது பாயின் வைண்டிங் கடையில், கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தாவது முடித்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாம் நூல் மில்லுக்குப் போனார்கள். இவள் நேராகப் பாய் கடைக்குப் போய், "எனக்கு ஒரு மோட்டார் குடுங்க, சுத்திக் காட்டுறேன்" என்றாளாம். பாய் சிரித்துவிட்டு ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்தார். சாயங்காலம் அதைச் சோதித்துப் பார்த்தவர், மறுநாள் வரச் சொல்லிவிட்டார். இன்றைக்கு அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த மறுநாள் இன்னும் முடியவில்லை.

போர்வெல் மோட்டார் சாதாரண மோட்டார் இல்லை. அதற்கு உள்ளேயே தண்ணீர் நிறைந்திருக்கும். தண்ணீருக்குள் நின்று, தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு, கரண்டில் ஓடவேண்டும். அதனால் அதற்குச் சுற்றும் கம்பி பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதை நீளமான இரும்புக் குழாய்க்குள் காடி என்கிற சின்னச் சின்னப் பள்ளங்கள் வழியாக ஒவ்வொரு சுற்றாகக் கையால் கோக்கவேண்டும். ஒரு இடத்தில் நகம் பட்டு உறை கீறினாலும் தண்ணீர் உள்ளே போகும், மோட்டார் போச்சு. சுற்றை எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் போன் செய்தால் எடுக்கமாட்டாள். கல்யாணமான புதிதில் இதற்காக நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அரிசி களைந்த தண்ணீர் ஆட்டுக்கு, துணி அலசிய தண்ணீர் வாசலுக்கு. கை கழுவிய தண்ணீருக்கும் எங்கள் வீட்டில் அடுத்த வேலை உண்டு. சொம்பில் பாதித் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்தால் நான் வாங்கும் திட்டை எழுத முடியாது.

போன வருஷம் தை மாதத்தில் தீபலட்சுமி என்ற இன்ஜினியர் பெண் பாய் கடைக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பாலவனத்தம் பெண். தூத்துக்குடிப் பக்கம் ஒரு படகுத் தளத்தில் வேலை. அங்கே மூழ்கும் சொகுசுப் படகு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மோட்டார்கள் இரண்டும் வழியில் கெட்டுப்போயிருந்தன. திருப்பி அனுப்பி வாங்க ஏழு மாதம் ஆகும். தண்ணீர் நிரப்பி ஓடும் மோட்டார் என்றதும் அந்தப் பெண்ணுக்குத் தன் அப்பாவின் தோட்டத்து மோட்டாரும் அதைச் சுற்றிக் கொடுத்த கடையும் நினைவுக்கு வந்திருக்கின்றன.

படகு எப்படி ஓடும் என்று அது சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். தண்ணீர்மேல் இருக்கும்போது டீசல் இன்ஜின் ஓடும். அது நேராகப் படகைத் தள்ளாது, ஜெனரேட்டரைச் சுற்றும். அந்தக் கரண்டில் மோட்டார்கள் ஓடும், மீதிக் கரண்டு பேட்டரியில் ஏறும். இதைத்தான் ஹைபிரிட் என்கிறார்கள். மூழ்கும்போது இன்ஜினை நிறுத்திக் காற்றுக் குழாய்களை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடும் காற்றை இன்ஜின் இழுத்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் பேட்டரிதான். கடலுக்குள் படகு முன்னே போவதும் திரும்புவதும் வெளியே பொருத்திய அந்த இரண்டு மோட்டார்களின் கையில்.

"கீழ போனப்பறம் மோட்டார் நின்னா என்ன செய்வாக?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"மூழ்குறதுக்குத் தொட்டியில நிரப்புன தண்ணியக் காத்து விட்டு வெளியேத்தி மேல வந்துரலாங்கா. ஆனா அதுக்கப்பறம் யாரும் அந்தப் படகுல ஏற மாட்டாக."

"அப்ப நிக்காமச் சுத்தணும்" என்றாள் இவள். அவ்வளவுதான் பேச்சு.

நாற்பத்தொரு நாள் சுற்றினாள். அந்த நாற்பத்தொரு நாளும் எங்கள் வீட்டில் என் சமையல்தான். பிள்ளைகள் இளைத்ததற்கு அந்தப் படகுக் கம்பெனிதான் பொறுப்பு. மோட்டார்கள் தூத்துக்குடிக்குப் போனபோது, அங்கே தலைமை இன்ஜினியராக இருந்த தனுஷ்கோடி, "கையில சுத்துனதக் கடலுக்குள்ள அனுப்ப மாட்டேன்" என்று சொன்னாராம். முப்பது வருஷம் கப்பலில் இருந்த மனிதர். பிறகு மெக்கர் வைத்துப் பார்த்திருக்கிறார். கம்பியிலிருந்து கரண்டு எங்கேயாவது கசிகிறதா என்று காட்டும் கருவி அது; எண் கூடக் கூடக் கசிவு குறைவு. வெளிநாட்டுக்காரன் எழுதிக் கொடுத்திருந்த அளவைவிட இவள் மோட்டார்களில் அதிகம் காட்டியது. பொருத்தச் சொல்லிவிட்டார். சோதனை ஓட்டத்துக்கு நேரில் வந்து தண்ணீர் நிரப்பிக் கொடுக்கவேண்டும் என்று செல்வலட்சுமியைக் கூப்பிட்டார்கள். நான் மூன்று நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். துணைக்கு என்று சொன்னேன். பெருமைக்குத்தான் போனேன், இப்போது மறைப்பானேன்.

முதல் நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பும் வேலை. அதற்கென்று சுத்திகரித்த தண்ணீர் கேன் கேனாக வந்திருந்தது. பேட்டரிக்கு ஊற்றுவதைவிடச் சுத்தம். ஒவ்வொரு மோட்டாரையும் மூன்று தடவை நிரப்பி, ஓட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நான்காவது தடவை நிரப்புவது உள்ளேயே இருக்கும். தீபலட்சுமி இதைத் தமிழிலேயே அழகாக எழுதிக் கொடுத்திருந்தது. சாயங்காலம் வேலை முடித்து வந்த செல்வலட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு முழு கேன் தண்ணிய மிச்சம் பண்ணி ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். நானும், "கெட்டிக்காரி" என்றேன்.

மறுநாள் காலை படகு துறையிலிருந்து கொஞ்ச தூரம் போய் மூழ்கியது. ஆறு மீட்டர்தான் ஆழம். இருபது நிமிஷத்தில் மேலே வந்துவிட்டது. முகங்களைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இடது மோட்டாரின் மெக்கர் அளவு இருநூறில் தொடங்கி நூறு, ஐம்பது, பன்னிரண்டு என்று இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. மோட்டாருக்குள் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். உப்பு இருந்தது, உப்புத் தண்ணீரில் கரண்டு கசியும்.

"சீல் விட்டுருச்சு. கடல் தண்ணி உள்ள போயிருக்கு" என்றார் தனுஷ்கோடி. மோட்டாரிலிருந்து வெளியே வரும் தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைப்பதுதான் சீல். அதைப் பொருத்தியவர் கருத்தப்பாண்டி, ஐம்பது வயதுப் பிட்டர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். "மூணு தடவ பிரஷர் வச்சுப் பாத்தேன் சார், சொட்டு இறங்கல" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. "டூல் பாக்ஸ ஒப்படச்சிட்டு ஆபீஸ்ல உக்காருங்க" என்றார் தனுஷ்கோடி. வேலை போச்சு என்று அர்த்தம், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு, உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. கம்பியில் கோளாறு இல்லை, என் பெண்டாட்டி தப்பித்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது செல்வலட்சுமியைக் காணோம். தேடிப் போனால் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு காலி கேன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கேனின் அடியில் ஒரு கை அளவு தண்ணீர். அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் புதுப் போர்வெல்லில் தண்ணீர் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான்.

"கரிக்குது" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். வலது மோட்டாரை மூன்றாவது தடவை அலசிய தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை. அங்கே கிடந்த காலி கேனில் பிடித்து வைத்து, இடது மோட்டாருக்குக் கடைசியாக நிரப்பும்போது அதையே ஊற்றிவிட்டாள். அதைத்தான் ஒரு கேன் மிச்சம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலி கேனில் தளம் கழுவுகிறவர்கள் முன்பு கடல் தண்ணீர் மொண்டு வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"அப்ப சீல் விடல" என்றேன்.

"விடல. நான்தான் உப்ப ஊத்தியிருக்கேன்."

நான் நாலு பக்கமும் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. "பேசாம இரு. சீலுன்னு அவுகளே சொல்லிட்டாக. சீல மாத்துவாக, தண்ணிய மாத்துவாக, எல்லாம் சரியாப் போயிரும். நீ வாயத் தொறந்தா இருவத்தஞ்சு வருசப் பேரும் போயிரும். தீபா பிள்ளைக்கும் வேலை போயிரும்" என்றேன். சொன்னேன்தான். வீட்டுக்காரியைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்க அந்த மனுசன் சோத்தத் தொடாம உக்காந்திருக்காரு" என்றாள். கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடி இருந்த அறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

தீபலட்சுமியும் இன்னும் நாலைந்து பேரும் அங்கே இருக்க, அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் தனுஷ்கோடி எழுந்து நின்றுவிட்டார். "மூணு தடவ கொட்டணும்னு தமிழ்ல எழுதிக் குடுத்தோமா இல்லையா?"

"எழுதியிருந்துச்சு சார். நான் படிச்சேன். கொட்டத்தான் மனசு வரல" என்றாள் செல்வலட்சுமி. அழவில்லை. "கருத்தப்பாண்டி அண்ணன் வேலையில ஒரு கொறயும் இல்ல. அவுகளக் கூப்பிட்டு டூல் பாக்ஸக் குடுத்துருங்க."

கேனில் இருந்த தண்ணீரையும் மோட்டாரில் எடுத்த தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரே அளவு உப்பு. தனுஷ்கோடி நாற்காலியில் உட்கார்ந்தார். "சீல்னா சீல மாத்தியிருப்பேன். ஆளுன்னா ஆளத்தான் மாத்தணும். சொன்னதச் செய்யாத கை சுத்துன மோட்டார நம்பி நான் எப்படி ஆளுகளக் கீழ கூட்டிட்டுப் போறது? ரெண்டையும் கழட்டுங்க. வெளிநாட்டு மோட்டாரே வரட்டும்" என்றார்.

தீபலட்சுமி மெக்கர் அளவு எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தது. "தப்பு தண்ணியில சார், சுத்துல இல்ல. வலது மோட்டார் அளவு இறங்கவே இல்லையே. ஒரே ஒரு தடவ பாத்துட்டு அப்பறம் கழட்டுங்க."

அவர் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். கடைசியில், மறுநாள் காலை ஒரே ஒரு தடவை, இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் என்றார். இடது மோட்டாரின் அளவு நூறுக்குக் கீழே இறங்கினால் இரண்டையும் கழற்றிவிட வேண்டியதுதான்.

"நானும் உள்ள வாரேன் சார்" என்றாள் செல்வலட்சுமி.

"எதுக்கு?"

"எங்க பக்கம் மோட்டார் இறக்குனா, தண்ணி வெளிய வந்து விழுற வரைக்கும் சுத்துன ஆளு கெணத்தடிய விட்டுப் போக மாட்டோம்."

அன்று பிற்பகல் இடது மோட்டாரைப் புதிதாக அலசினார்கள். யாரையும் தொடவிடாமல் அவளே செய்தாள். முதல் தண்ணீரைக் கொட்டினாள், இரண்டாவதைக் கொட்டினாள். மூன்றாவது தண்ணீர் குழாயில் பளிங்காக வந்தது. அதைச் சிமெண்டுத் தரையில் ஓடவிட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது. கருத்தப்பாண்டி பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தார். அவர் விளாத்திகுளம் பக்கம், அவரும் கரிசல்காட்டு மனிதர்தான். "விடு தாயி, போகட்டும்" என்றார். நானும் அந்தத் தண்ணீர் ஓடிக் கடலில் சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காவதாக நிரப்பி, காற்றுக் குமிழி அடங்கும்வரை காத்திருந்து, மறுநாள் காலையில் குறைந்திருந்த அளவுக்கு ஊற்றி மூடினாள்.

காலை எட்டரை மணிக்கு, சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள். உள்ளே ஓட்டுநர், தனுஷ்கோடி, இவள், மூன்று பேர். அதுவரை திருச்செந்தூர்க் கடலில் கால் நனைத்ததைத் தவிர அவளுக்குக் கடலோடு பழக்கமில்லை. டீசல் இன்ஜின் சத்தம் துறை முழுக்கக் கேட்டது. தூரத்தில் போனதும் திடீரென்று சத்தம் நின்றது. இன்ஜினை நிறுத்திவிட்டார்கள், இனிப் பேட்டரி என்று தீபலட்சுமி சொன்னது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு தாழ்ந்தது. கூரை மறைந்தது. கயிற்றில் கட்டிய ஒரு மஞ்சள் மிதவை மட்டும் மேலே ஆடியது.

இப்படி ஒரு பயத்தை நான் பட்டதில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸில் கூட நான் இப்படி நடுங்கியதில்லை. கரையில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதில் கடலுக்குள்ளிருந்து தனுஷ்கோடியின் குரல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். "வலது இருநூத்திப் பத்து. இடது நூத்தித் தொண்ணூறு." தீபலட்சுமி எழுதிக்கொண்டது. அடுத்த பத்து நிமிஷம். "இடது நூத்தி எண்பத்தெட்டு." அடுத்தது நூற்றி எண்பத்தேழு. கருத்தப்பாண்டி என் தோளில் கையை வைத்தார். நான்காவது தடவை குரல் வர இரண்டு நிமிஷம் தாமதமானது. எங்கள் குலசாமி இருளப்பசாமிக்கு நான் நேர்ந்துகொண்டதை எல்லாம் செய்து முடிக்கவேண்டுமென்றால் எனக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

"இடது நூத்தி எண்பத்தேழு" என்றது பெட்டி. "அப்படியே நிக்குது."

ஐந்தாவது தடவையும் அதே நூற்றி எண்பத்தேழு. ஆறாவது தடவையும் அதே. ஒரு மணி நேரம் முடிந்ததும் தனுஷ்கோடியின் குரல் வேறு மாதிரி ஒலித்தது. "தீபா, இந்த மோட்டார யாரும் கழட்ட வேண்டாம். ரெண்டாவது படகுக்கும் இவுகளையே சுத்தச் சொல்லு."

துறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இருபது மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறாள் என் பெண்டாட்டி. எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும் தெருவிலிருந்து வந்தவள். அவள் விரல் சுற்றிய சுற்று அவளையும் இன்னும் இரண்டு பேரையும் கடலுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறது. இதற்குமேல் ஒரு மனிதனுக்குப் பெருமைப்பட என்ன வேண்டும்?

படகு கரைக்கு வந்தது. இறங்கியவள் முதலில், "சரியான பசி" என்றாள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கருத்தப்பாண்டி வாசல்வரை ஓடி வந்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மவராசனா இருக்கணும் தம்பி. 'போய் உள்ளதச் சொல்லிரு, ஒருத்தர் சோத்துல மண்ணு விழக்கூடாது'ன்னு நீங்கதான் சொல்லி அனுப்பிச்சீகளாமே. தங்கச்சி இப்பத்தான் சொல்லுச்சு."

நான் செல்வலட்சுமியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. தன் தப்பை அத்தனை பேர் முன்னால் சொன்னவள், என் தப்பை மறைக்க அந்த மனிதரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள்.

பேசாமல் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பஸ் நின்றுகொண்டிருந்தது.

"இல்லண்ணே" என்றேன். "சொல்லாதேன்னுதான் நான் சொன்னேன். அவளாத்தான் போனா."

கருத்தப்பாண்டியின் பிடி தளர்ந்தது. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறுபடியும் என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.

பஸ் எட்டயபுரம் தாண்டியது. செல்வலட்சுமி என் பக்கம் திரும்பி, "அதச் சொல்லணும்னு என்ன இருந்துச்சு?" என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், ஊர் வரும்வரை விடவில்லை.